இருநூறு என்ற கோடு

போன மாதம் எதிர்வீட்டு அம்மாள் திருத்தணிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். கையில் கம்ப்யூட்டரில் அச்சிட்ட தாள். திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னிடம் அதை நீட்டி, "ஏன் சார், நீங்க லேப்ல இருந்தவர்தானே? ஒரு சொட்டு ரத்தத்தை மெஷின்ல வெச்சா எந்த அணு எத்தனைன்னு அதுக்கு எப்படித் தெரியுது? உள்ளே யாரு உக்காந்து எண்றாங்க?" என்று கேட்டார்.

ஒரு காலத்தில் நாங்கள்தான் உட்கார்ந்து எண்ணினோம் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. முப்பத்தைந்து வருடம் செய்த வேலை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதில் ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தது 1974-இல். பள்ளிப்பட்டிலிருந்து சென்னைக்குப் போய்ப் படித்தேன். முதல் நாள் எங்களுக்குக் காட்டியது ஒரு சின்ன பாட்டில். அதில் நீலமும் ஊதாவுமாக ஒரு திரவம். பெயர் லீஷ்மன் சாயம். விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெலிதாக இழுத்து, உலர வைத்து, இந்தச் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம், பிறகு தண்ணீர் கலந்து ஏழெட்டு நிமிடம், பிறகு அலம்பி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைக்க வேண்டும். சாயம் போடாத ரத்தத்தில் வெள்ளணுக்கள் கஞ்சித் தண்ணீரில் மிதக்கும் கஞ்சித் துளி மாதிரி, இருப்பதே தெரியாது. சாயம் போட்டால் ஒன்று இளஞ்சிவப்பு மணிகளோடு, இன்னொன்று ஆரஞ்சு மணிகளோடு, மற்றொன்று கருநீலக் கருவோடு என்று வரிசையாகத் தெரியும். நூறு வெள்ளணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று எழுதுவோம். அதுதான் 'டிஃபரன்ஷியல் கவுண்ட்'. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தகடு பார்த்தால் சாயங்காலம் கண் எரியும்.

இந்த வழியைத் தொடங்கி வைத்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். துணிக்குப் போடத் தயாரித்த புதிய சாயங்களை 1870-களில் ரத்தத்தின் மேல் போட்டுப் பார்த்தார். ஒவ்வோர் அணுவும் தனக்குப் பிடித்த சாயத்தைத்தான் ஏற்றுக்கொள்கிறது என்று கண்டார். ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொள்ளும் அணுவுக்கு ஈயோசினோஃபில் என்றே பெயர் வந்தது. லீஷ்மன் தன் சாயக் கலவையை வெளியிட்டது 1901-இல். அந்தப் பெயருக்கு நம் சென்னையோடும் ஒரு உறவு உண்டு. காலா அசார் என்ற காய்ச்சலின் கிருமியை லீஷ்மன் ஒரு பக்கம் கண்டார். 1903-இல் சென்னை பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் என்ற மருத்துவர் அதே கிருமியைத் தனியாகக் கண்டார். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் அந்தக் கிருமிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் லீஷ்மன் சாயத்தால் ஆகாத காரியம் ஒன்று இருந்தது. வெள்ளணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை. உருண்டையாக, உடம்பு முழுக்கக் கருவாக, கருநீலமாக இருக்கும். அதிலேயே பல உள்வகைகள் உண்டு. ஒன்று நோய்க்கு எதிரான பொருளைச் சுரப்பது. ஒன்று நோய் பிடித்த அணுவைக் கொல்வது. இன்னொன்று இவற்றையெல்லாம் ஏவி வேலை வாங்குவது, மேஸ்திரி மாதிரி. நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: பாவு நூலும் ஊடை நூலும் ஒரே வெள்ளையில் ஒரே கூடையில் கலந்து கிடந்தால் எப்படி இருக்கும், அப்படி. எர்லிக்கே எழுந்து வந்து பார்த்தாலும் மைக்ராஸ்கோப்பில் வித்தியாசம் தெரியாது.

அதைத் தெரிய வைத்ததுதான் ஒளிரும் சாயம்.

பேங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ரூபாய் நோட்டை நீல விளக்கின் அடியில் வைத்தால் எண்களும் உள்ளே இருக்கும் நூலும் பளிச்சென்று ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு, வேறு நிறத்தில் திருப்பித் தரும் பொருள்கள் சில உண்டு. 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற வேதியியல் அறிஞர் அப்படி ஒரு பொருளைச் செய்தார். பெயர் ஃபுளூரசீன். நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். அவுரி நீலத்தைச் செயற்கையாகச் செய்து காட்டியவரும் இவர்தான். மூன்று வருடம் கழித்து ஹைன்ரிக் காரோ என்பவர் அதே ஃபுளூரசீனில் புரோமினைச் சேர்த்தார். கிடைத்ததுதான் ஈயோசின். அதாவது என் லீஷ்மன் பாட்டிலில் இருந்த சிவப்பும், பின்னாளில் இயந்திரத்தில் நான் பார்த்த பச்சையும் ஒரே குடும்பம். இது எனக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிய வந்தது!

1941-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸ் என்ற மருத்துவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் உடம்பு நோய்க்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள், தனக்குரிய இலக்கை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் முதுகில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், அது எங்கே போய் ஒட்டியது என்று ஒளியை வைத்தே பார்த்துவிடலாம் அல்லவா? அப்படியே செய்து காட்டினார். சாயம் தானாக எதையும் தேடுவதில்லை. தேடுவது எதிர்ப்பொருள். சாயம் அதன் கையில் இருக்கும் லாந்தர் விளக்கு.

இன்னும் இரண்டு விஷயம் மிச்சம் இருந்தது. ஒன்று, ஒரே ஒரு இலக்கை மட்டும் தேடும் சுத்தமான எதிர்ப்பொருள் வேண்டிய அளவு கிடைக்க வேண்டும். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் அதற்கு வழி கண்டார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. உலகம் முழுக்கச் செய்துகொண்டார்கள். 1984-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டாவது, ஒளிரும் அணுக்களை எண்ண ஓர் இயந்திரம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் லென் ஹெர்சன்பெர்க் என்ற பேராசிரியர், இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் ஒளிரும் அணுக்களை எண்ணி எண்ணி அலுத்துப்போனவர். இதை இயந்திரம் செய்யக் கூடாதா என்று கேட்டுப் பொறியாளர்களைச் சேர்த்துக்கொண்டார். லேசர் வைத்த அவருடைய இயந்திரம் 1972-இல் வெளிவந்தது. எங்களைப் போலவே கண் எரிந்த ஒரு மனிதர் செய்த இயந்திரம் என்று படித்தபோது எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

இயந்திரம் செய்வது இதுதான். சாயம் கலந்த ரத்தத்தை ஒரு நுண்ணிய தண்ணீர் ஓடையின் நடுவே விடுகிறார்கள். சாமி தரிசனத்துக்குக் கம்பித் தடுப்புக்குள் ஒவ்வொருவராகப் போவது மாதிரி, அணுக்கள் ஒவ்வொன்றாக லேசர் கதிரைக் கடக்கும். இன்ன எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தால் பச்சை, இன்னொன்று ஒட்டியிருந்தால் ஆரஞ்சு என்று மின்னும். ஆரஞ்சு தரும் சாயம் பாசியிலிருந்து எடுப்பது. எதிரே இருக்கும் கண் ஒவ்வொரு மின்னலையும் எண்ணிக்கொண்டே போகும். ஒரு நொடியில் ஆயிரக்கணக்கில்.

இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி, நமக்கு என்ன என்றுதான் அன்று யாரும் நினைத்திருப்பார்கள். 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஐந்து இளைஞர்களுக்கு விநோதமான நிமோனியா வந்ததாக ஓர் அறிக்கை வெளியானது. அவர்கள் ரத்தத்தை இந்தப் புதிய எதிர்ப்பொருள்களை வைத்துப் பார்த்தபோது, மேஸ்திரி வகை லிம்போசைட்டுகள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சாதாரண மைக்ராஸ்கோப்பில் அது தெரிந்திருக்காது. அந்த அணுவுக்குத்தான் பின்னால் சி.டி.4 என்று பெயர். எய்ட்ஸ் கிருமி அந்த சி.டி.4 என்ற கதவு வழியாகத்தான் அணுவுக்குள் நுழைகிறது என்று 1984-இல் கண்டுபிடித்தார்கள்.

அடுத்த கட்டம் நம் சென்னையில். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அவரிடம் படித்த மாணவி செல்லப்பன் நிர்மலா. பட்டத்துக்கான ஆய்வாக, சென்னையில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் பேராசிரியர். இருக்காது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நிர்மலா, கணவர் ராமமூர்த்தியின் உதவியோடு, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க இடமில்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ரயில் ஏறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். அந்த ரயில் நம்ம அரக்கோணம் வழியாகத்தானே போயிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. அமெரிக்காவில் மறு சோதனை செய்து உறுதியானது. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை நாங்கள் ரத்தத்தை வாயால் உறிஞ்சித்தான் அளந்தோம். ஹீமோகுளோபின் பார்க்கும் பிப்பெட்டில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். மறுமுனையை வாயில் வைத்து, கோடு வரை மெல்ல இழுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் ரத்தம் நாக்குக்கு வந்துவிடும். துப்பிவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். கையுறையும் கிடையாது. பேப்பரைப் படித்துவிட்டு லேப்பில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வாய் பிப்பெட் ஒழிய இன்னும் சில வருடம் ஆனது.

மஞ்சளாக மாறியது எலிசா சோதனை. கிருமி வந்துவிட்டதா என்று மட்டும் அது சொல்லும். வந்த கிருமி எவ்வளவு அழித்திருக்கிறது, ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்ல சி.டி.4 அணுக்களை எண்ண வேண்டும். ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஐந்நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை இருக்கும். இருநூறுக்குக் கீழே போனால் காசநோய், நிமோனியா என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

மருந்து முதலில் பணக்கார நாடுகளுக்குத்தான். ஓர் ஆளுக்கு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் நம் நாட்டு சிப்லா நிறுவனம் தொண்டு அமைப்புகளுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி மத்திய அரசு சில மருத்துவமனைகளில் இலவசமாக மருந்து கொடுக்க ஆரம்பித்தது. தாம்பரம் சானடோரியம் அவற்றில் ஒன்று. டாக்டர் சௌரி முத்து 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு நம் பக்கத்திலிருந்து போனவர்கள் உண்டு. விடியற்காலை பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து ரயிலில் சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், மறுபடி மின்சார ரயில். ஊரில் கேட்டால் உறவுக்காரர் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

எல்லோருக்கும் கொடுக்க மருந்து போதாது. யாருக்கு முதலில்? அதற்கு ஒரு கோடு கிழித்தார்கள். வேறு பெரிய நோய் வராதவர்களுக்கு, சி.டி.4 எண்ணிக்கை இருநூறுக்குக் கீழே இருந்தால்தான் மாத்திரை.

நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் 2006-இல் அந்த இயந்திரம் வந்தது. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். ஐம்பத்து நாலு வயதில் புதிதாகப் பாடம் படித்தேன். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தில் துல்லியமாக ஐம்பது மைக்ரோ லிட்டர். சாயம் கட்டிய எதிர்ப்பொருள் இருக்கும் குழாயில் விட்டு, குலுக்கி, ஒரு மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும். வெயிலில் காயப்போட்ட சாயத்துணி மாதிரிதான். அந்தக் குழாயில், எண்ணிக்கை முன்பே தெரிந்த நுண்மணிகளும் இருக்கும். இயந்திரம் மணிகளையும் அணுக்களையும் சேர்த்து எண்ணி, கணக்குப் போட்டு ஒரு சீட்டில் அச்சிட்டுத் தரும். அந்தச் சீட்டை வாங்க வெளியே பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

அவர்களில் ஒரு பையன். விசைத்தறியில் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. பேச்சில் நம்ம பக்கத்துத் தெலுங்கு வாடை அடித்தது. "எந்த ஊருப்பா?" என்றேன். சொன்னான். நானும் பள்ளிப்பட்டுதான் என்றதும் முகம் வெளிறிவிட்டது. ஊரில் சொல்லிவிடுவேனோ என்ற பயம். "இந்த ரூமை விட்டு ஒரு பேச்சு வெளியே போகாது தம்பி" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அதற்குப் பிறகு சார் என்பது போய் அண்ணா ஆயிற்று.

அவனுக்கு வந்த எண் 231. டாக்டர், மூன்று மாதம் கழித்து வா என்று அனுப்பிவிட்டார். போகும்போது என்னிடம் வந்தான். "அண்ணா, எண்ணிக்கை குறைஞ்சாதான் மாத்திரையாமே?"

"ஆமா தம்பி."

"அப்போ குறையட்டும்னு முருகன்கிட்ட வேண்டிக்கவா?"

எனக்கு வாயில் பதில் வரவில்லை. திருத்தணி மலையில் 365 படி ஏறிப் போய் யாராவது தன் ரத்தம் கெட்டுப்போகட்டும் என்று வேண்டுவார்களா? நான் அச்சிட்டுக் கொடுத்த எண் ஒருவனை அப்படிக் கேட்க வைத்தது. ஒளியை வைத்து அணுவைத் துல்லியமாக எண்ணுகிறோம் என்று பெருமையாக இருந்தவனுக்கு அன்று அந்தப் பெருமை குறைந்துவிட்டது.

அதோடு நான் செய்த தப்பையும் எழுதிவிடுகிறேன். மூன்று மாதம் கழித்து அவன் மறுபடி ரத்தம் கொடுத்தான். அன்று மதியம் முதல் கரண்ட் சரியில்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று, முப்பது வருடப் பழக்கத்தில், ஏழு குழாய்களையும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இந்தச் சோதனைக்கு ரத்தத்தைக் குளிரில் வைக்கக் கூடாது. அறை வெப்பத்திலேயே இருக்க வேண்டும். பாடத்தில் படித்ததுதான், கை மறந்துவிட்டது. காலையில் ஏழையும் கொட்டினோம். ஏழு பேரும் மறுபடி வர வேண்டியதாயிற்று. அவனுக்கு ஒரு நாள் கூலி போனது, பஸ் செலவு போனது, முதலாளியிடம் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. என் தப்புதான் என்று அவனிடமே சொன்னேன். "பரவாயில்ல அண்ணா" என்று கையை நீட்டினான். அன்று வந்த எண் 168. அந்த வாரமே மாத்திரை ஆரம்பித்தார்கள்.

பிறகு அந்தக் கோடு மேலே ஏறியது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் 350 என்றது. 2013-இல் 500 என்றது. 2015-இல் எண்ணே பார்க்க வேண்டாம், கிருமி இருந்தால் உடனே மருந்து என்றது. 2017 முதல் நம் நாட்டிலும் அதே வழி. காத்திருந்தால் உடம்பு கெடும், பிறருக்கும் பரவும், சீக்கிரம் கொடுத்தால் இரண்டும் குறையும் என்று ஆராய்ச்சிகள் காட்டின. இப்போதும் சி.டி.4 எண்ணுகிறார்கள், ஆள் எவ்வளவு பலவீனமாக வந்திருக்கிறார் என்று பார்க்க. மாத்திரைக்கு அனுமதிச் சீட்டாக அல்ல. சுனிதி சாலமன் 2015 ஜூலையில் காலமானார். 1993-இல் அவர் சென்னையில் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் இன்னும் நடக்கிறது.

ஒளிரும் சாயத்தின் வேலை அதோடு முடியவில்லை. ஒரு குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றால், அது எந்த வகை லிம்போசைட்டில் ஆரம்பித்தது என்று இந்த முறையில்தான் பிரித்துச் சொல்கிறார்கள். அதைப் பொறுத்து மருந்து மாறும். பெரிய லேப்களில் இப்போது இருக்கும் சாதாரண ரத்த எண்ணி இயந்திரங்கள் சிலவற்றிலேயே ஒளிரும் சாயம் வந்துவிட்டது. டெங்கு சமயத்தில் தட்டணுக்கள் புதிதாக உற்பத்தியாகின்றனவா என்றுகூட அது காட்டும். எதிர்வீட்டு அம்மாளுக்கு மறுநாள் இதைத்தான் சொன்னேன். "அப்போ உள்ளே யாரும் இல்லை, வெறும் வெளிச்சம்தானா?" என்றார். ஆமாம் என்றேன்.

அந்தப் பையனை இரண்டு வருடத்துக்கு முன்னால் சோளிங்கர் பஸ்ஸில் பார்த்தேன். முன்தலையில் நரை. பக்கத்தில் கல்லூரிப் பை மாட்டிய ஒரு பெண். என்னை அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தான். "யாருப்பா இவர்?" என்று மகள் கேட்டாள். "நம்ம ஊரு அண்ணா. ரொம்ப வருஷப் பழக்கம்" என்றான். நானும் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. தறி ஓடுகிறதா என்று மட்டும் கேட்டேன். ஓடுகிறது என்றான்.